கையெழுத்துப் போட்டால் நன்றி சொன்னதாகுமா?

கடிதம் பன்னிரண்டு பக்கம். ஒன்பது பக்கம் ஆத்தாவை (அம்மாவை)ப் பற்றி, இரண்டு பக்கம் கைக்குழந்தையைப் பற்றி, கடைசி ஒரு பக்கம்தான் சொத்தைப் பற்றி. வக்கீலுக்கு வரும் கடிதங்களில் இந்த விகிதம் பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். அதனாலேயே இரண்டு தடவை படித்தேன்.

எழுதியவருக்கு 33 வயது. காரைக்குடிப் பக்கத்து ஊர்க்காரர். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கம் தருகிறேன். சென்னையில் வேலை. பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வந்தவர், ஏழு மாதப் பெண் குழந்தையோடு இன்னும் அங்கேதான் இருக்கிறார். அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும். அப்பச்சி (அப்பா) பினாங்கில் ஒரு கடையில் கணக்குப் பார்த்தவர், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருவார். மூன்று வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார். ஒரே அண்ணன், குடும்பத்தோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். ஆத்தாவுக்கு 62 வயது.

சிறு வயதில் இவருக்கு ஆத்தாமேல் நிறையக் கோபம். பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு வருடம்கூட ஆத்தா வந்ததில்லை. எதைக் கேட்டாலும் "அப்பத்தாவுக்குக் கஞ்சி குடுக்கணும்" என்பதே பதில். அப்பத்தா பக்கவாதம் வந்து ஒன்பது வருடம் படுக்கையில் இருந்தவர். "என்னைவிட அப்பத்தாதான் உனக்குப் பெருசு" என்று பத்தாம் வகுப்புப் படிக்கும்போது இவர் கத்தியிருக்கிறார். ஆத்தா பதில் பேசாமல் அரிவாள்மனையைக் கழுவிச் சாத்தி வைத்தாராம். அதற்குப் பிறகு கல்லூரி, வேலை, கல்யாணம். வாரம் ஒரு போன், ஐந்து நிமிடம்.

குழந்தை பிறந்த பத்தாம் நாள் ராத்திரி இரண்டு மணி. குழந்தை வீறிட்டு அழுகிறது. பாலும் குடிக்கவில்லை, ஏப்பமும் வரவில்லை. இவரும் சேர்ந்து அழுகிறார். ஆத்தா எழுந்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) ஆத்தங்குடிக் கல் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் குப்புறப் போட்டு முதுகைத் தடவிக்கொடுக்கிறார். கொஞ்ச நேரத்தில் பிள்ளை அடங்கிவிட்டது. இவர் பார்த்துக்கொண்டிருந்தது ஆத்தாவின் குதிகாலை. அரைப் பைசாவைச் செருகலாம் போல வெடிப்பு. "இந்தக் காலில்தானே என்னையும் போட்டிருப்பாக. 33 வருஷத்தில் அந்தக் காலை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை" என்று எழுதியிருக்கிறார்.

இன்னொரு நாள் உரைமருந்து தேடி ஆத்தாவின் தகரப் பெட்டியைத் திறந்தால் உள்ளே கணக்கு நோட்டுகள். கல்யாணமாகி வேறு வைத்த நாளிலிருந்து எழுதியவை. (வெளியூர் வாசகர்களுக்காக: புதுத் தம்பதியை ஒரே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிச் செலவு என்று பிரித்து வைக்கும் வழக்கத்துக்குச் செட்டிநாட்டில் வேறு வைப்பது என்று பெயர்.) அரிசி, பருப்பு, பால், அப்பத்தாவின் மாத்திரை, மாதாமாதம் தலைவலித் தைலம் ஒன்று. 2010 ஜூன் பக்கத்தில் "தோடு, ஈடு, காலேஜ்" என்று மூன்றே சொல். தோட்டை மீட்டதாக எந்தப் பக்கத்திலும் இல்லை. வைரத்தோட்டை ஆத்தா கழற்றியது பிடிக்காமல்தான் என்று மகள் பதினைந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார். 2018 பக்கத்தில், மகளின் கல்யாண மாதத்தில், "இரட்டை வடம் அழித்தது, மகளுக்கு."

இந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுப் பேச்சு வந்திருக்கிறது. கொள்ளுப்பாட்டனார் பர்மாவுக்குக் கொண்டுவிக்க (வியாபாரத்துக்கு)ப் போய்ச் சம்பாதித்துக் கட்டிய வீடு. நான்கு பங்காளிகளுக்குப் பாத்தியம். விலைக்கு ஆள் வந்திருக்கிறது, மற்ற மூன்று பங்காளிகளும் சரி என்றுவிட்டார்கள். அண்ணன் ஒரு விடுதலைப் பத்திர (பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் பத்திரம்) வரைவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "உனக்குத்தான் சீர் செஞ்சாச்சுல்ல, கையெழுத்துப் போட்டுரு. ஆத்தாவை நான் பாத்துக்கிறேன்" என்கிறார். ஆத்தாவும் "போட்டுக் குடுத்திரு ஆத்தா. நாலு காசுக்காக அண்ணன்கிட்ட மனக்கசப்பு வேணாம்" என்கிறார்.

மகள் கேட்பது இது: "முப்பது வருஷம் ஆத்தா சொன்ன எதையும் நான் கேட்டதில்லை. இந்த ஒரு தடவையாவது கேட்டுக் கையெழுத்துப் போட்டால், அதுதான் நான் சொல்லும் நன்றி என்று தோன்றுகிறது. போடலாமா? இல்லை, என் பங்கை ஆத்தா பேருக்கே எழுதிவிடலாமா? எப்படியும் அவுகளை என்னோடு சென்னைக்குக் கூட்டிப்போய்விடப் போகிறேன்."

*

அன்புள்ள மகளுக்கு,

போடாதீர்கள். சொத்தே உங்களுக்கு வேண்டாம் என்றாலும், இந்தப் பத்திரத்தில் வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய வரைவை நீங்களே முழுதாகப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு போனில் பத்திரம் படிப்பது யாருக்கும் முடியாத காரியம். அதில் "எழுதிக் கொடுப்பவர்கள்" என்று இரண்டு பெயர் இருக்கிறது. உங்கள் பெயர் இரண்டாவது. முதல் பெயர் உங்கள் ஆத்தாவுடையது. அதாவது நீங்கள் மட்டுமல்ல, அவரும் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறார். இதைப் பற்றி உங்கள் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆத்தாவுக்கு அந்த வீட்டில் ஒரு பங்கு இருக்கிறது என்ற நினைப்பே உங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை என்று இதிலிருந்து தெரிகிறது, அவரையும் சேர்த்து.

சீர் வாங்கினால் பங்கு தீர்ந்துவிடுமா?

தீராது. கல்யாணத்தில் கொடுத்த நகை, வெள்ளி, பாத்திரம் எல்லாம் பெண்ணின் ஸ்ரீதனம். அதற்கும் பரம்பரைச் சொத்தில் மகளுக்குள்ள பங்குக்கும் சட்டத்தில் முடிச்சு இல்லை. "சீர் வாங்கிவிட்டேன், இனிப் பாத்தியம் இல்லை" என்று நீங்களே பதிவு செய்து எழுதிக் கொடுத்தால்தான் முடிச்சு விழும். அண்ணன் அனுப்பிய வரைவின் மூன்றாவது பத்தி அதைத்தான் செய்கிறது.

தமிழ்நாட்டில் 1989-லேயே கல்யாணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு வந்துவிட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுக்க, கல்யாணம் ஆனவர் ஆகாதவர் என்ற வித்தியாசம் இல்லாமல், மகளும் மகனைப் போலப் பிறப்பாலேயே பங்குதாரர். அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்தாரா இல்லையா என்பதுகூட முக்கியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லிவிட்டது. முக்கியமான விலக்கு, 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவு செய்து முடித்த பாகப்பிரிவினை. அதைத் தொட முடியாது. நம் பக்கத்து வீடுகளில் ஐயா (தாத்தா) காலத்துப் பாகப் பத்திரம் ஏதாவது பெட்டிக்குள் கிடக்கும், அதனால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

இன்னொன்று. அண்ணன் சொல்லும் அந்தச் சீர் எந்தப் பணம்? உங்கள் கடிதத்தின்படி அதில் ஒரு பகுதி ஆத்தாவின் இரட்டை வடம். அது அவர் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த நகை, அவருக்கு மட்டுமே சொந்தம். அப்பச்சியின் சொத்தும் இல்லை, வீட்டுச் சொத்தும் இல்லை. ஆத்தாவின் நகையை அழித்து உங்களுக்குப் போட்டுவிட்டு, அதைக் காட்டி உங்கள் பங்கைக் கழிப்பதும், அதோடு ஆத்தாவின் பங்கையும் சேர்த்து வாங்குவதும் எந்தக் கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. கணக்குக்குப் பேர் போன ஊர் இது.

ஒன்பதில் ஒன்று

இனி வரும் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கொள்ளுப்பாட்டனார் கட்டிய வீடு, பிரிவினை ஆகவில்லை, அப்பச்சி உயில் எழுதவில்லை, அவருக்கு முன்பே அப்பத்தா காலமாகிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே வைத்துக்கொண்டால், நான்கு பங்காளிகளில் அப்பச்சி வகைக்கு வரும் பகுதி பூர்வீகச் சொத்து. அவர் இறந்த நாளில் அதை மூன்றாகப் பிரித்ததாகச் சட்டம் பாவிக்கும்: அப்பச்சிக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. ஆத்தாவுக்கு? இல்லை. கணவனும் பிள்ளைகளும் பாகம் பிரிக்கும்போது மனைவிக்குத் தனிப் பங்கு வைப்பது நம் தமிழ்நாட்டு மரபில் இல்லை. பிறகு அப்பச்சியின் ஒரு பங்கு மட்டும் அவருடைய வாரிசுகளான ஆத்தா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் சமமாகப் போகும்.

ஒரு பேச்சுக்கு உங்கள் வகைக்கு 45 லட்சம் வருகிறது என்று வைப்போம். அண்ணனுக்கு 20, உங்களுக்கு 20, ஆத்தாவுக்கு 5. ஒன்பதில் ஒரு பங்கு.

நாற்பது வருடம் அந்த வளவைக் கூட்டிப் பெருக்கியவருக்கு ஒன்பதில் ஒன்று. அந்த வீட்டுக்கு அடுத்த தடவை வருவதாகச் சொல்லிவிட்டுப் போகும் நமக்கு ஒன்பதில் நான்கு. சட்டம் மகளுக்குச் செய்த நியாயத்தைத் தாய்க்கு இன்னும் செய்யவில்லை என்பது என் சொந்த அபிப்பிராயம். கோர்ட்டில் சொன்னால் எடுபடாது, இங்கே சொல்லலாம்.

இப்போது கையெழுத்துகளைப் போட்டுப் பாருங்கள். அண்ணன் அனுப்பிய பத்திரத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டால் அண்ணனுக்கு 45, ஆத்தாவுக்குச் சுழி. நீங்கள் மட்டும் அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தால் அண்ணனுக்கு 40, ஆத்தாவுக்கு அதே 5. உங்கள் பங்கு ஆத்தாவுக்குப் போனால் ஆத்தாவுக்கு 25, அண்ணனுக்கு 20. நன்றி என்ற சொல்லுக்கு இந்த மூன்று வரியில் எது பொருந்துகிறது என்று உங்களுக்கே தெரியும்.

பழைய பத்திரங்களைப் பார்த்தபின் இந்தப் பின்னம் மாறலாம். உதாரணமாக, ஐயா காலத்திலேயே பிரிந்து, அப்பச்சிக்குத் தனிச் சொத்தாக வந்திருந்தால் மூவருக்கும் ஆளுக்கு 15. அதனால்தான் வில்லங்கச் சான்று, பட்டா, பழைய பாகப் பத்திரம், தாசில்தார் தந்த வாரிசுச் சான்று நான்கையும் பார்க்காமல் யாரும் எதிலும் கை வைக்கக் கூடாது என்கிறேன். வாரிசுச் சான்றில் மூன்று பெயர் இருக்கும். அதை அண்ணனிடம் காட்டினாலே பாதிப் பேச்சு அடங்கும்.

"ஆத்தாவை நான் பார்த்துக்கொள்கிறேன்"

உங்கள் அண்ணனை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. நீங்களும் ஆக்காதீர்கள். வீட்டு வரி, ஓடு மாற்றியது, கோயில் காரியங்களுக்குப் புள்ளி வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊரில் வாங்கும் பணம்) என்று அவர் வருடக் கணக்கில் செலவழித்திருக்கலாம். அதற்குக் கணக்குக் காட்டினால் பொதுவில் கழித்துக்கொள்வதுதான் முறை. ஆத்தாவைப் பார்த்துக்கொள்வேன் என்பதும் மனதாரச் சொன்னதாகவே இருக்கட்டும். ஆனால் மனதாரச் சொன்ன சொல் பத்திரத்தில் இல்லை. இருப்பது "எவ்விதப் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை" என்ற வரிதான்.

தேவகோட்டைக் கோர்ட்டில் என்னிடம் வந்த ஒரு தாய், வீட்டை மகன் பேருக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, ஆறாவது மாதம் சாவி இல்லாமல் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மகன் கெட்டவர் இல்லை. கடன் வந்தது, விற்றார். அவ்வளவுதான். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் 23ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. "என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை பத்திரத்திலேயே எழுதியிருந்தால் வேலை சுலபம். அந்தத் தாயின் பத்திரத்தில் "அன்பினாலும் பாசத்தினாலும்" என்று மட்டும் இருந்தது. அதை நிபந்தனை என்று நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதே சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று: பராமரிக்கும் கடமை மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும்தான். பங்கை விட்டுக்கொடுத்துவிட்டால் கடமையும் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேவை வந்தால் ஆத்தா கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், வக்கீல்கூட வேண்டாம். அந்த மனுவில் உங்கள் பெயரும் இருக்கலாம்.

ஆத்தா "மனக்கசப்பு வேணாம்" என்கிறாரே, அதை மீறுவதா என்று உங்களுக்கு உறுத்தும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொன்னவர்கள் பாசமில்லாதவர்கள் அல்ல. இந்த மண்ணில் வேறு வைக்கும் வழக்கமே அதற்குத்தானே? ஒரே கூரை, ஒரே சாமி வீடு, ஆனால் உப்பும் புளியும் தனிக் கணக்கு. கணக்கு தெளிவாக இருந்ததால்தான் அத்தனை பேர் ஒரு வளவில் இருக்க முடிந்தது. உங்கள் ஆத்தாவே நாற்பது வருடம் அப்படிக் கணக்கு எழுதியவர். தன் பேருக்கு வரும்போது மட்டும் நோட்டை மூடி வைக்கிறார்.

அப்படியானால் என்ன செய்வது?

வீடு விற்பது உறுதி என்றால் விடுதலைப் பத்திரமே வேண்டாம். கிரயப் பத்திரத்தில் அண்ணன், ஆத்தா, நீங்கள் மூவரும் நேரடியாகக் கையெழுத்துப் போட்டு, அவரவர் பங்குத் தொகையை வாங்குபவர் அவரவர் வங்கிக் கணக்கிலேயே செலுத்த வேண்டும். ஒருவர் கணக்கில் மொத்தமாகப் போட்டுப் பிறகு பிரித்துக்கொள்வது வேண்டாம். உங்கள் தொகை வந்தபின் அதை ஆத்தாவுக்குக் கொடுக்க விரும்பினால், பிள்ளை தாய்க்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு வாங்குபவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. வீடு விற்ற லாபத்துக்கான வரி வேறு, அதை ஆடிட்டரிடம் கேளுங்கள். ஆத்தாவுக்கு 60 தாண்டிவிட்டதால் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி அவர் கணக்கில் விழும். நாமினி என்று யார் பெயரைப் போட்டாலும், அவர் பணத்தை வாங்கும் ஆள்தான், சொந்தக்காரர் அல்ல.

வீடு உடனே விற்கவில்லை என்றால் அவசரப்பட்டு உங்கள் பங்கை ஆத்தாவுக்குத் தானமாக எழுதாதீர்கள். பிரிக்காத கூட்டுக் குடும்பப் பங்கை மற்றவர் சம்மதமில்லாமல் தானமாகக் கொடுத்தால் அது செல்லாது என்று சொன்ன தீர்ப்புகள் இருக்கின்றன. மூவரும் உட்கார்ந்து ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி, உங்கள் பங்கையும் சேர்த்து இன்ன அறை, இன்ன இடம் ஆத்தாவுக்கு என்று அதிலேயே காட்டிப் பதிவு செய்வது நல்லது. அண்ணன் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன என்கிறீர்களா? பாகப்பிரிவினை வழக்கு இருக்கிறது, பல வருடம் ஆகும். ஆனால் உங்கள் கையெழுத்து இல்லாமல் முழு வீட்டையும் கிரயம் முடிக்க முடியாது என்பது அவருக்கும் வாங்குபவருக்கும் தெரியும். அதனால் உட்கார்ந்து பேச வருவார். நீங்கள் கோபப்படாமல் இருந்தால் சீக்கிரம் வருவார்.

கொடுத்தால் கொடுத்ததுதான் என்பதையும் தெரிந்து கொடுங்கள். ஆத்தா பேருக்குப் போனபின் அது அவருக்கு முழுச் சொந்தம். உயில் எழுதாமல் போனால் உங்களுக்கும் அண்ணனுக்கும் சரிபாதி. உயில் எழுதினால் யாருக்கு வேண்டுமானாலும், முழுவதையும் அண்ணனுக்கேகூட. "நான் கொடுத்தது எனக்குத் திரும்பும்" என்ற எண்ணம் மனதின் மூலையில் இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். அதோடு உங்களுக்கும் ஒரு பெண் பிள்ளை இருக்கிறது, வீட்டுக் கடன் வேறு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முழுப் பங்கையும் கொடுத்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பாதியைக் கொடுத்தால் நன்றி பாதியாகிவிடாது.

சென்னைக்குக் கூட்டிப்போவது

இதில் சட்டம் ஒன்றுமில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள்.

அடுத்த மாதம் நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள். ஆத்தா உங்களோடு வருகிறார். காலை எட்டரையிலிருந்து இரவு எட்டு வரை குழந்தை யாரிடம் இருக்கும்? நம் பக்கம் ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவர். சென்னையில் ஆயா என்றால் அது ஒரு வேலையின் பெயர். நன்றி சொல்லக் கூட்டிப்போய், உறவுப் பெயரில் வேலையைக் கொடுத்த வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்பது வருடம் மாமியாரைத் தூக்கிக் கிடத்தியவர் அவர். அவரே விரும்பி வந்தால் சந்தோஷம், ஆனால் பிள்ளை பார்க்கப் பகலில் ஓர் ஆள் வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். அப்போதுதான் அவர் வருவது உங்களுக்காகவா, வேறு வழி இல்லாமலா என்று தெரியும்.

அவர் இந்த வருடம் ஊரிலேயே இருக்கிறேன் என்றும் சொல்லலாம். அந்த வீட்டின் தூண்கள் நாளைக்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வாசலில் சாய்ந்து நிற்கலாம், அது வேறு விஷயம். வீடு போனாலும் காரைக்குடியில் ஒரு சின்ன வாடகை வீடு, நடக்கிற தூரத்தில் கோயில், தெரிந்த முகங்கள் என்று அவருக்கு ஓர் ஆசை இருக்கலாம். பொதுவாக "உனக்கு என்ன வேணும்" என்று கேட்டால் "எனக்கென்ன வேணும்" என்றுதான் பதில் வரும், நாற்பது வருடப் பழக்கம். குறிப்பாகக் கேளுங்கள். பிள்ளையார் நோன்புக்கு இழை எங்கே எடுக்கப் போகிறாய்? முழங்கால் வலித்தால் எந்த ஊர் டாக்டரிடம் போவாய்? வெள்ளிச் சாமானை எங்கே வைக்க?

கடைசியாக, நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒன்று. "ஆத்தா ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை, நான் ஏழு மாதத்திலேயே ஓய்ந்துவிட்டேன், நான் நல்ல தாய் இல்லையோ" என்று ஏழாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். சாட்சியத்தைப் படித்துப் படித்தே பழகியவள் நான். நீங்கள் கொடுத்த சாட்சியத்திலேயே பதில் இருக்கிறது. மாதாமாதம் தலைவலித் தைலம் ஒன்று. அலுக்காதவருக்குத் தைலம் எதற்கு? அவருக்கும் இரண்டு மணிக்கு அழுகை வந்திருக்கும். கூட உட்கார்ந்து குழந்தையை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாததால் அழவில்லை. நானும் தலைப்பிள்ளை பெற்றபிறகுதான் என் அம்மாவிடம் ஒழுங்காகப் பேச ஆரம்பித்தவள். அதற்கு முன் நான் பேசியதெல்லாம் ஒரு தாயிடம். பிறகுதான் அவளுக்கும் ஒரு காலத்தில் 24 வயது இருந்தது என்று உறைத்தது. உங்கள் உடம்பு ஓய்ச்சல் தூக்கமின்மையால் மட்டும்தானா, மனமும் சேர்ந்து சோர்ந்திருக்கிறதா என்பதை மகப்பேறு டாக்டரிடம் ஒரு தடவை சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வுக்கு மருத்துவம் இருக்கிறது, மறைக்க வேண்டிய விஷயமில்லை.

நீங்கள் சென்னை கிளம்புவதற்கு முன் காரைக்குடியில் என் அலுவலகத்துக்கு வாருங்கள். கட்டணம் யோசனையாக இருந்தால் நீதிமன்ற வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. எங்கே போனாலும் மூலப் பத்திரங்களோடு அந்தக் கணக்கு நோட்டுகளையும் எடுத்துப்போங்கள். எந்த நகை யாருடையது, எப்போது போனது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் உங்களிடம் இல்லை. ஆத்தாவையும் கூட்டிவாருங்கள். நான் முதலில் பேச வேண்டியது அவரிடம். அவர் போடும் கையெழுத்தின் அர்த்தத்தை அவருக்குச் சொல்லி, அவர் மனதில் இருப்பதைக் கேட்க எனக்கு அரை மணி நேரம் வேண்டும். மகனும் கூட இருக்கக் கூடாது, மகளும் கூட இருக்கக் கூடாது. அந்த அரை மணி நேரம் நீங்கள் குழந்தையை வைத்துக்கொண்டு வெளியே இருங்கள். வராந்தாவில் ஒரு நீளமான பெஞ்சு இருக்கிறது, காலை நீட்டி உட்காரலாம்.